அந்தோனியாரின் சேவலும் பஸ்தியாம்பிள்ளையின் வாயும்

சிலுவையடி ஒழுங்கையில் ஒரு செய்தி எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர வேண்டுமென்றால், அதைப் பஸ்தியாம்பிள்ளையிடம் சொல்லி, "ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ அண்ணை" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துவிட்டால் போதும். சேர்க்காவிட்டாலும் போய்ச் சேரும். சேர்த்தால் கொஞ்சம் கெதியாகப் போகும். மனுசனிடம் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. ஒரு சங்கதி வாய்க்குள் கிடந்தால் அவருக்கு இருப்புக் கொள்ளாது, அவ்வளவுதான். அவருடைய மனைவி றோஸ் கலியாணம் முடித்த புதிதிலேயே இதைக் கண்டுகொண்டவள். தன் சொந்தத் தங்கையின் கலியாணப் பேச்சைக்கூடப் பதிவு எழுத்து முடிந்த பிறகுதான் புருசனுக்குச் சொன்னாள். ஊர் அவருக்கு வைத்த பெயர் றேடியோ. கூப்பிட்டால் அவரும் பெருமையோடு திரும்பிப் பார்ப்பார்.

பிழைப்பும் வாயால்தான். வெள்ளைக்காரன் திருகோணமலைத் துறைமுகத்தை வைத்திருந்த காலத்தில், காலையில் வேலையாட்களைப் பெயர் கூப்பிட்டுப் பிரித்து அனுப்புகிற வேலை பார்த்தார். அவர் கூப்பிட்டால் ஓர்ஸ் ஹில்லில் படுத்திருக்கிறவனும் எழும்பிவிடுவான் என்று சொல்வார்கள். ஐம்பத்தேழில் கப்பற்படை மூட்டை கட்டிக்கொண்டு போனதும் எத்தனையோ பேர் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார்கள். பஸ்தியாம்பிள்ளை ஒரு கிழமை மட்டும் கவலைப்பட்டுவிட்டுக் கடற்கரைக்கு இறங்கினார். கரைக்கு வருகிற மீனை ஏலம் கூறுகிறதற்கு அவரைவிட்டால் ஆள் இல்லை என்று ஆனது. செத்த மீனைப் பற்றிக்கூட அது உயிரோடு இருந்த காலத்து நல்ல குணங்களையெல்லாம் சொல்லித்தான் விற்பார்.

ஆனால் அவர் உயிரை வைத்திருந்தது மீனில் இல்லை, மைக்கில். ஒழுங்கையின் முகப்பில் இருக்கிற சின்ன அந்தோனியார் கோயிலில் வருசாவருசம் ஆனி மாதத்தில் பெருநாள் வரும். நேர்த்தி வைத்தவர்கள் கோழி, தேங்காய், முதற்குலை வாழை என்று கொண்டுவந்து கொடுப்பார்கள். அதெல்லாவற்றையும் பந்தலில் வைத்து ஏலம் போடுகிறபோது மைக்கைப் பிடிப்பவர் பஸ்தியாம்பிள்ளை. வெள்ளைச் சேட்டும் தோளில் சால்வையுமாக அவர் ஏறி நின்று ஒருதரம் தொண்டையைச் செருமினால் போதும், சனம் சிரிக்கத் தொடங்கிவிடும். இலங்கைத்துறையிலிருந்துகூட ஆட்கள் வருவார்கள். பூசைக்கு வந்தவர்கள் பாதி, றேடியோ கேட்க வந்தவர்கள் பாதி.

சேவல் கதை எழுபத்துநாலில் நடந்தது. அரிசி இல்லை, மா இல்லை, பேக்கரியில் பாணுக்கு விடியப்புறமே வரிசை. எல்லா வீட்டிலும் மரவள்ளிக்கிழங்குதான் காலையும் மத்தியானமும். அந்த நேரத்தில்தான் வள்ளக்காரப் பற்றிக்கின் மகன் கடுங்காய்ச்சல் வந்து தப்பினான். பற்றிக் தன்னுடைய செஞ்சேவலை அந்தோனியாருக்கென்று நேர்ந்து, காலில் கறுப்புக் கயிறு கட்டி விட்டிருந்தான். புனிதரின் சேவல் என்றால் ஆர் கை வைக்கிறது? அது காயப்போட்ட கருவாட்டைக் கொத்தியது, வெளுத்த வேட்டியில் ஏறி நின்றது, குசினிக்குள் அடுப்படிக்கும் போய் வந்தது. ஒழுங்கையே பசியில் சுருண்டு கிடக்க, சேவல் மட்டும் கொழுத்துக்கொண்டு போனது. பிறகு பெருநாளுக்குக் கொஞ்சநாள் இருக்க, அது காணாமல்போனது.

தொலைந்த பொருளைத் தேடிக் கொடுக்கிறவர் அந்தோனியார். ஊசி தொலைந்தாலும் அவரிடம்தான் மெழுகுதிரி கொளுத்துவார்கள். அவருடைய சேவலே தொலைந்தால் ஆரிடம் போய்க் கொளுத்துகிறது? பற்றிக் ஒழுங்கை முழுக்கச் சட்டி பானை திறந்து பார்த்தான், இல்லை. பிறகு அவனுக்கு வலை கிழிந்தாலும் பல்லு வலித்தாலும் அந்தச் சேவல் கள்ளனைத்தான் திட்டினான். பஸ்தியாம்பிள்ளைக்கோ அது நல்ல சரக்காய்ப் போனது. ஒவ்வொரு பெருநாளிலும் ஏலம் தொடங்க முதல் மைக்கைப் பிடித்து, "அந்தோனியாற்றை சேவலைத் திண்ட ஆள் இந்தப் பந்தலுக்குள்ளைதான் நிக்குது. கையை உயர்த்த வேண்டாம். ஒருக்கால் கூவிக் காட்டினால் காணும்!" என்பார். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். பற்றிக் மனம் ஆறுவான்.

எழுபத்தொன்பதில், பெருநாள் முடிந்த பிறகு, கோணேஸ்வரி வந்தாள். ஓர்ஸ் ஹில்லில் ஒரு கந்தோர்க் கிளாக்கரின் மகள். பல்கலைக்கழகத்தில் படித்து அங்கேயே படிப்பிக்கவும் தொடங்கியிருந்தாள். பஞ்ச காலத்தில் சனம் எப்படிச் சாப்பிட்டுத் தப்பியது என்பது அவளுடைய ஆராய்ச்சி. வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு போக ஒரு ஆள் தேவை என்று கோயிலடியில் கேட்டாள். எல்லாரும் ஒரே பக்கமாகக் கையைக் காட்டினார்கள்.

முதல்நாளே அவள் பஸ்தியாம்பிள்ளையை இருத்தி வைத்துச் சொன்னாள்: "ஐயா, ஆக்கள் என்னட்டைச் சொல்லுறது ஒண்டும் வெளியிலை போகக்கூடாது. பேரெல்லாம் நான் மாத்திப்போடுவன். விருப்பமில்லாத கேள்விக்கு அவை மறுமொழி சொல்லத் தேவையில்லை. இடையிலை நிப்பாட்டவும் ஏலும். நீங்கள் என்னைக் கொண்டுபோய் விட்டிட்டுத் தள்ளி நிக்கவேணும். தற்செயலாக் காதிலை விழுந்தாலும் வாய் திறக்கக்கூடாது. சத்தியம் பண்ணுவியளோ?"

பஸ்தியாம்பிள்ளைக்கு இது தண்ணீருக்குள் இறங்கியும் நனையாதே என்று சொல்வதுபோலக் கேட்டது. ஆனாலும் படித்த பிள்ளை, அதுவும் பெண்பிள்ளை, மரியாதையாகக் கேட்கிறாள். "அந்தோனியார் அறிய, வாய் திறக்கமாட்டன்" என்றார். இதைப் பிறகு கேள்விப்பட்ட றோஸ் சமைப்பதை விட்டுவிட்டுச் சிரித்தாள்.

ஒழுங்கைச் சனத்துக்கும் கோணேஸ்வரியின் ஒழுங்குகள் புதினமாய்த்தான் இருந்தன. "விருப்பமில்லாட்டில் சொல்லத் தேவையில்லை" என்று அவள் சொன்னபோது, வள்ளங்கள் வைத்திருக்கிற சம்மாட்டி சவிரியானுக்குக் கோபமே வந்துவிட்டது. "ஏன் பிள்ளை, என்ரை கதையைக் கேக்க உமக்கு விருப்பமில்லையோ?" என்று கேட்டு, பஞ்சத்தைத் தொடாமல் தன் பாட்டன் காலத்திலிருந்து தொடங்கினான். நிப்பாட்ட விரும்பியது அவளாகத்தான் இருந்திருக்கும். வெளியே மாமரத்தடியில் கதிரையில் விடப்பட்ட பஸ்தியாம்பிள்ளை, வெயில் வருகிறது என்று கதிரையை ஒருமுறை நகர்த்துவார்; எறும்பு என்று இன்னொருமுறை நகர்த்துவார். எறும்பும் வெயிலும் எப்போதும் யன்னல் பக்கமாகத்தான் அவரைத் தள்ளின. கோணேஸ்வரி எழும்பி வந்து, கதிரையை அவரோடு சேர்த்துத் திருப்பிவிட்டுப் போவாள்.

இப்படியே எல்சியின் வீடு வந்தது. எல்சி பஸ்தியாம்பிள்ளைக்குப் பக்கத்து வளவு. புருசன் கடலோடு போனபிறகு தையல் மெசின் ஒன்றை வைத்து நாலு பிள்ளைகளை வளர்த்தவள். ஒரு செத்தல் மிளகாய்கூட ஆரிடமும் கேட்டு வாங்காத மனுசி. இரண்டு வளவுக்கும் நடுவில் ஒரு பங்குக் கிணறு, சுற்றி வாழை. மற்றக் கிணறெல்லாம் உப்பு என்றபடியால் ஒழுங்கையிலேயே வாழை நின்றது அங்கே மட்டும்தான்.

கோணேஸ்வரியை எல்சியின் குசினிக்குள் விட்டுவிட்டு, பஸ்தியாம்பிள்ளை சொன்ன சொல்லைக் காப்பாற்றித் தன் வளவுக்கே போய்விட்டார். முகம் கழுவுவதற்குக் கிணற்றடிக்குப் போனது அவருடைய உரிமை. வாளியை இறக்குகிறபோது எல்சியின் குரல் கேட்டது.

"சின்னவள் உப்புக்கல்லைச் சூப்பிக்கொண்டு இருந்தவள், மிஸ். அந்தோனியாற்றை சேவல் உள்ளுக்கு வந்து அவளைப் பாத்துக்கொண்டு நிண்டுது. நான்தான் பிடிச்சனான். பிள்ளையளுக்கு அது தெருவிலை செத்த கோழி எண்டு சொன்னனான். எனக்கு ஒரு துண்டும் இறங்கேல்லை. இறகெல்லாம் வாழையடியிலை குழி வெட்டித் தாட்டனான். இப்ப பற்றிக்கண்ணையின்ரை மகனுக்கும் என்ரை சீலாவுக்கும் கலியாணம் பேசிக் கிடக்கு. இது தெரிஞ்சால் அந்த மனுசன் என்ரை பிள்ளையைத் தன்ரை படலைக்குள்ளை விடுமோ?" பிறகு, "பெருநாளுக்குப் பெருநாள் பஸ்தியாம்பிள்ளையண்ணை மைக்கிலை சொல்லேக்கை நானும் எல்லாரோடையும் சேர்ந்து சிரிக்கிறனான்" என்றாள்.

வாளியைக் கிணற்றுக்குள் விட்டபடியே பஸ்தியாம்பிள்ளை நின்றார். முதலில் அவருக்கு வந்தது சந்தோசம். அதை மறைத்துச் சொல்வது பொய். ஐந்து வருசம் ஊர் தேடின சங்கதி தன் காதில் விழுந்திருக்கிறது! கால் தன்பாட்டில் ஒழுங்கைப் பக்கம் திரும்பியது. பிறகுதான் கடைசியாகக் கேட்ட வசனம் உள்ளே இறங்கியது. தன்னுடைய பகிடிக்கு எல்சி சிரித்ததை அவர் மேடையில் நின்று எத்தனைதரம் பார்த்திருக்கிறார்! அவருக்கு வெட்கமாய்ப் போனது. கழுவாத முகத்தோடு வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்.

அதன் பிறகு அவர் பட்ட பாடு அவருக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். சேவல் உள்ளுக்கு இருந்து கூவியது. றோஸ் மீன்குழம்பு வைத்தால் பாதியில் எழும்பினார். றோஸ் மல்லிக்கோப்பியும் வேர்க்கொம்புச் சுக்கும் அவித்துக் கொடுத்துப் பார்த்தாள். ஏதோ அடைத்துக்கொண்டு கிடக்கிறது என்று அவள் சொன்னதும் சரிதான்.

சுவாமியாரிடம் சொன்னால் அது சொன்னதாகாது என்று கணக்குப் போட்டு, பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் போய் முழங்காலில் நின்றார்.

"சுவாமி, ஒரு பாவம் இருக்கு. ஆனால் அது என்ரையில்லை."

"பின்னை ஏன் நீர் சொல்லுறீர்? உம்மடை பாவத்தைச் சொல்லும்."

"என்ரையிலை புதுசா ஒண்டும் இல்லை, சுவாமி. இது மற்ற ஆளின்ரை. நல்ல பெரிசு."

"அந்த ஆளை வரச்சொல்லும்" என்று சொல்லிச் சுவாமியார் யன்னலைச் சாத்தினார்.

பிறகு அவருக்கு இன்னொரு யோசனை வந்தது. கிண்ணியாவில் தாஹிரின் தேத்தண்ணிக் கடை இருக்கிறது. தாஹிர் மீன் வாங்க வந்து பழகின ஆள். துறைக்கு அந்தப் பக்கத்து மனுசனுக்கு எல்சியும் தெரியாது, பற்றிக்கும் தெரியாது. பேர் இல்லாமல் சொல்லிவிட்டு வந்தால் ஆருக்கு என்ன நட்டம்? ஆட்களையும் வண்டில்களையும் ஏற்றித் துறை கடக்கிற பாதை என்கிற மிதவையில் ஏறி அக்கரைக்குப் போனார். தேத்தண்ணி வந்தது. ஒரு மிடறு குடித்தார்.

"தாஹிர், ஒரு ஊரிலை ஒரு சேவல்—"

"அந்தோனியார்ட சேவல்தானே?" தாஹிர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். கடையில் இருந்த மற்றவர்களும் திரும்பினார்கள். "நீங்க போன வருசம் மைக்கில சொன்னதை எங்கட மச்சான் வந்து இஞ்ச சொல்லித் திரிஞ்சவர். கள்ளன் ஆப்பிட்டானா? யார் அண்ணன்?"

பஸ்தியாம்பிள்ளை மீதித் தேத்தண்ணியை ஒரே வாயில் ஊற்றி நாக்கைச் சுட்டுக்கொண்டு, "இல்லை, இது வேறை சேவல்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாதையிலேயே திரும்பினார். அந்தச் சேவலைக் கடல் கடத்தியது தன்னுடைய வாய்தான் என்று நினைக்க நினைக்க அவருக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. ஆனால் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்த ஒவ்வொரு நாளும் அவர் தன்னையே ஆச்சரியத்தோடு பார்த்துக்கொண்டார்.

அடுத்த வருசம் பெருநாளுக்கு முதல் கோணேஸ்வரி மறுபடி வந்தாள். எழுதி முடித்தாயிற்று, பல்கலைக்கழகத்தில் கொடுப்பதற்கு முதல், கதை சொன்ன சனத்துக்கு அதைச் சொல்லவேண்டும், பிழையிருந்தால் திருத்தவேண்டும் என்றாள். அப்படிச் செய்கிற படித்த ஆட்கள் அந்தக் காலத்தில் அருமை. சுவாமியார் கோயில் மண்டபத்தைத் திறந்துவிட்டார். ஒழுங்கை முழுக்க வந்து வாங்குகளை நிரப்பியது. எல்சியும் சீலாவும் ஒரு வாங்கில். பக்கத்தில் றோசும் பஸ்தியாம்பிள்ளையும். பற்றிக் முன்வரிசையில், வரப்போகும் சம்பந்தியைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு இருந்தான்.

கோணேஸ்வரி பெயர்களை மாற்றித்தான் இருந்தாள். ஆனால் ஒழுங்கையில் ஆர் ஆரைப் பெயரால் அறிந்தார்கள்? "முருகேசு என்ற ஒருவர் தன் பாட்டனார் காலத்துக் கதையிலிருந்து—" என்று அவள் தொடங்கியதும், "சவிரியான்!" என்று மண்டபம் ஒரே குரலில் கத்தியது.

சவிரியான் எழும்பினான். "எல்லாம் சரி பிள்ளை. ஆனால் நான் ஞானஸ்நானம் எடுத்தவன். முருகேசு எண்டு எப்பிடி வைப்பீர்?"

"பேரை மறைக்கத்தான், ஐயா."

"மறைக்கிறதெண்டால் ஒரு சந்தியோகு, ஒரு நீக்கிலாஸ் எண்டு வைச்சு மறையும்."

மூலைவீட்டுக்காரிக்குப் பூரணம் என்று பெயர் விழுந்திருந்தது. அந்தப் பெயரில் தனக்கு ஒரு மாமி இருந்தாள், அந்த மனுசியின் பெயரை வைத்துத் தன்னைக் கூப்பிடவேண்டாம் என்று அவள் அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். ஒவ்வொரு கதைக்கும் மண்டபம் ஆளைச் சொல்லியது, ஆள் எழும்பிக் கும்பிட்டது, மற்றவர்கள் கைதட்டினார்கள். கோணேஸ்வரி வியர்வையைத் துடைத்துத் துடைத்துச் சொன்னாள். கதையில் வராதவர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தார்கள்.

கடைசியாக அவள் குரலைத் தாழ்த்தினாள். "பசி மனுசரை எங்கை கொண்டுபோய் விடும் எண்டதுக்கு ஒரு உதாரணம். ஒருவர், ஆணோ பெண்ணோ எண்டு சொல்லமாட்டன், வீட்டிலை எல்லாரும் பசியோடை இருக்கேக்கை, கோயிலுக்கு நேர்ந்துவிட்ட ஒரு சேவலைப் பிடிச்சுச் சமைச்சிருக்கிறார். இறகுகளை வாழையடியிலை புதைச்சுப்போட்டு, இண்டைக்கும் அதுக்காக வருந்துறார்."

பெயர்களையெல்லாம் எடுத்துவிட்டால், கோயிலுக்கு நேர்ந்த ஆயிரம் கோழிகளில் இதுவும் ஒன்றாகிவிடும் என்று அவள் நினைத்துவிட்டாள். வாக்குக் கொடுத்தபடியால் ஆரிடமும் ஒரு வார்த்தை விசாரிக்கவும் இல்லை. விசாரித்திருந்தால், ஊரில் தொலைந்தது அந்த ஒரு சேவல்தான் என்று மூன்று வயதுப் பிள்ளையும் சொல்லியிருக்கும்.

பற்றிக் மெல்ல எழும்பினான். "வாழையடியோ?" என்றான். "எங்கடை ஒழுங்கையிலை வாழை நிக்கிற கிணறு ஒண்டுதானே."

"இந்த ஒழுங்கையெண்டு நான் சொல்லேல்லை, ஐயா!" என்றாள் கோணேஸ்வரி. அதோடு நம்பாத ஒன்றிரண்டு பேரும் நம்பிவிட்டார்கள். எல்லாத் தலைகளும் அந்த ஒரு வாங்கின் பக்கம் திரும்பின. எல்சி சீலாவின் கையை விட்டாள். எழும்பிச் சொல்லிவிடப்போகிறாள் என்று பஸ்தியாம்பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது.

மீன் ஏலத்தில் கூப்பிடுகிற குரலில் அவர் எழும்பிக் கத்தினார்: "அது நான்தான்! அந்தோனியாற்றை சேவலைத் திண்டது நான்!"

சனம் சிரித்துவிட்டது. சவிரியான்தான் முதலில் சொன்னான்: "உம்மடை வாய்க்குள்ளை ஒரு சேவல் இவ்வளவு வரியமும் கிடந்ததோ? வாலைப் பிடிச்ச அண்டைக்கே நீர் எங்களுக்குச் சொல்லியிருப்பீர்!"

"ஓம் ஓம்" என்றது மண்டபம். பற்றிக்கின் கண் மறுபடி எல்சியின் பக்கம் போனது. வாழ்நாள் முழுக்கப் பஸ்தியாம்பிள்ளை சொன்னதையெல்லாம் நம்பின ஊர், அவர் ஊருக்குச் சொன்ன முதற்பொய்யை நம்பமாட்டேன் என்று நின்றது.

"மற்றவன்ரை கதையைத்தான் நான் சொல்லுறனான்" என்றார் பஸ்தியாம்பிள்ளை. "யோசிச்சுப் பாருங்கோ. என்ரை கதையை எப்பவாவது சொன்னனானோ?"

சனம் யோசித்தது. உண்மைதான், அவரைப் பற்றி அவர் வாயால் கேட்டவர் அந்த மண்டபத்தில் ஒருவரும் இல்லை. அந்த இடைவெளியில் அவர் உள்ளே புகுந்துவிட்டார். சேவலை எப்படிச் சாக்கால் மூடினது, தணலில் வாட்டினது, தூளும் தேசிக்காயும் தடவினது, நெய் சொட்டினது என்று சொல்லிக்கொண்டு போனார். அவர் மேடையில் செய்த ஏலங்களிலெல்லாம் அதுதான் திறமானது. பின்வாங்கில் ஒருவர் எச்சில் விழுங்கினார்.

"அப்ப மைக்கிலை நிண்டு கள்ளனைத் திட்டினது?" என்று பற்றிக் பல்லைக் கடித்தான்.

"நீ என்னை நினையாமல் இருக்கத்தான்."

"றோசக்காவும் திண்டவவோ?"

இந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. திரும்பி றோசைப் பார்த்தார். "இல்லை" என்றார். குரல் இறங்கிப்போனது. "அவளுக்குத் தெரியாது. பிள்ளையளுக்கும் குடுக்கேல்லை. நான் தனியத்தான் திண்டனான்."

றோஸ் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு எழும்பி மண்டபத்தைவிட்டு வெளியே போனாள். அதைப் பார்த்த பிறகு சந்தேகப்பட ஒருவருக்கும் இடமில்லை.

தீர்ப்பு அங்கேயே நடந்தது. பெருநாளன்று பஸ்தியாம்பிள்ளை ஒரு சேவலைக் கையில் ஏந்திக் கோயிலைச் சுற்றி வரவேண்டும். இனி அவர் மைக்கைத் தொடக்கூடாது. முதலாவதைக் கேட்டு அவர் தலையாட்டினார். இரண்டாவதைக் கேட்டதும் வாங்கைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டார். மனுசன் அழுதுவிட்டார் என்றுதான் சொல்லவேண்டும்.

அடுத்தநாள் கோணேஸ்வரி அழுது வீங்கின கண்ணோடு படலையைத் திறந்துகொண்டு வந்தாள். "ஐயா, பேரை மாத்தினால் காணும் எண்டு நினைச்சன். பெரிய பிழை விட்டிட்டன். அந்தக் கதையை அப்பிடியே எடுத்துப்போட்டன். எழுதமாட்டன். ஆனால் நீங்கள் ஏன் ஐயா... எனக்குத் தெரியும்தானே, அதைச் சொன்னது—"

"நான்தான் பிள்ளை" என்று பஸ்தியாம்பிள்ளை இடைமறித்தார்.

"உங்களிட்டை நான் ஒரு கேள்வியும் கேக்கேல்லை, ஐயா."

"கேட்டனீங்கள். வெயில் கூடிப்போச்சு, மறந்துபோனியள். இருங்கோ, தேத்தண்ணி குடிப்பம்." அதற்குமேல் அவள் எவ்வளவு கேட்டும் மனுசன் அசையவில்லை. தெரிந்த ஆளிடமும் சொல்லாமல் விடுவது எப்படி என்று அவருக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது.

பெருநாள் வந்தது. பஸ்தியாம்பிள்ளை சேவலை ஏந்திக்கொண்டு கோயிலைச் சுற்றினார். அது அவர் சால்வையில் எச்சமிட்டு, தேர் திரும்புகிற இடத்தில் உரத்துக் கூவியும் வைத்தது. பிள்ளைகள் பின்னால் கொக்கரித்துக்கொண்டு வந்தார்கள். றேடியோ என்ற பெயர் அன்றோடு போய்ச் சேவலர் என்ற பெயர் ஒட்டியது. மைக்கைப் பிடித்த சவிரியான், ஒரு வாழைக்குலையை விற்கவே தன் பாட்டன் காலத்திலிருந்து தொடங்கினான். சனம் கலைந்து கச்சான் கடலை வாங்கப் போனது. பந்தல்காலோடு நின்று அதைப் பார்ப்பது பஸ்தியாம்பிள்ளைக்குச் சேவலைச் சுமந்ததைவிடப் பாரமாய் இருந்தது. எதிரே எல்சி நின்றாள். அவள் சிரிக்கவில்லை, பார்த்துக் கைகூப்பினாள். அவர் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார், ஆராவது கண்டுவிட்டால் என்று பயம்.

இதெல்லாவற்றையும் அவர் தாங்கினார். தாங்க ஏலாமல் போனது றோசின் மௌனம். மண்டபத்திலிருந்து வந்த நாள்முதல் அவள் அவரோடு கதைக்கவில்லை. சாப்பாட்டுக் கோப்பையை வைப்பாள், எடுப்பாள். "இஞ்சை பார், றோஸ்" என்று அவர் தொடங்கினால் தையல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். பஞ்ச காலத்தில் தன்னுடைய கிழங்கையும் அவர் கோப்பையில் போட்டுவிட்டுச் சுடுதண்ணீர் குடித்துப் படுத்தவள் அவள். அது அவருக்குத் தெரியும். ஒரு பெயரைச் சொன்னால் எல்லாம் தீர்ந்துவிடும். அந்தப் பெயர் நாக்கின் நுனியில் இருந்தது.

சீலாவின் கலியாணத்துக்கு ஓலை பின்னுகிற சத்தம் பக்கத்து வளவில் கேட்ட ஒரு பின்னேரம், றோஸ் கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். அவர் தண்ணீர் அள்ளி ஊற்றினார். நிமிர்ந்து பார்க்காமலே அவள் கதைத்தாள்.

"அந்த வரியம் நீங்கள் மீன் கூறேக்கை மயங்கி விழுந்து, நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தவை. ஞாபகம் இருக்கோ?"

"ஓம்."

"சேவல் காணாமல்போன அடுத்தநாள். பரியாரி வயித்தைத் தடவிப் பாத்திட்டு, இந்த மனுசன் கிழங்கும் ஒழுங்காத் தின்னேல்லை எண்டவர். எனக்கு அது முந்தாநாள்தான் நினைவுக்கு வந்தது." றோஸ் கத்தியைக் கழுவிக் கல்லில் வைத்தாள். "நீங்கள் தின்னேல்லை."

பஸ்தியாம்பிள்ளை வாளித் தண்ணீரைத் தன் காலிலேயே ஊற்றிக்கொண்டார். வாயைத் திறந்தார்.

றோஸ் செதிலும் இரத்தமும் ஒட்டின கையை அப்படியே நீட்டி அவர் வாயைப் பொத்தினாள்.

"சொல்லவேண்டாம். நான் கேட்டால் நீங்கள் சொல்லிப்போடுவியள். அதாலை நான் கேக்கமாட்டன்" என்றாள். "ஒருநாளும் கேக்கமாட்டன்."